வன்னிச் சுற்றுலாவுக்கு முற்பணம் கட்டுமுன் கவனியுங்கள்

கனடாவிலிருந்து வந்திருந்த அக்கா குடும்பத்தினரையும் அம்மாவையும் ஆகஸ்ட் மாதத்தில் வன்னியெங்கும் அழைத்துச் செல்வதற்காக, வவுனியாவிலுள்ள ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் சாரதியுடன் வானையும் பயணத் திட்டத்தையும் சேர்த்துப் பேசி முற்பணம் கட்டியிருந்தோம். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஆயினும் அவர்கள் பணம் பறித்த விதத்தை, விடுமுறைக்கு இப்பக்கம் வர எண்ணுவோர் அறிந்திருப்பது நல்லது.

எல்லாம் அடங்கிய தொகை என்று சொல்லியே பணம் வாங்கினார்கள். பயணம் முடிந்து இறங்கியபோது சாரதி நீட்டிய கணக்கிலோ, நாளொன்றுக்கு 100 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 90 ரூபாய் ஏற்றப்பட்டிருந்தது. இப்படியொரு வரம்பு திட்டத்தாளிலும் இல்லை, பற்றுச்சீட்டிலும் இல்லை. அவர்களே வகுத்த மன்னார்ப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வவுனியாவிலிருந்து மன்னாருக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர், அங்கிருந்து தலைமன்னாருக்கு இன்னும் 30, இடையில் மடு றோட்டிலிருந்து மடுமாதா ஆலயத்துக்குப் போய்வர 24 என்று பார்த்தால், திரும்பும் தூரத்தைச் சேர்க்காமலே வரம்பு தாண்டிவிடுகிறது. போதாக்குறைக்கு, வான் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களை ஏற்ற வெறுமனே வந்த தூரமும், இறக்கிவிட்டுத் திரும்பிப் போகவிருந்த தூரமும் எங்கள் தலையிலேயே விழுந்தன. பணத்தைத் தரும்வரை பின்கதவைத் திறந்து பயணப்பைகளை எடுக்க விடவில்லை. பற்றுச்சீட்டு வேண்டும் என்று விடாமல் கேட்ட பின்னர், சிகரெட் பெட்டியொன்றைக் கிழித்து அதன் உட்புறத்தில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

திட்டத்தாளின் இலட்சணமும் இதற்குக் குறைந்ததல்ல. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்துக்கு அதில் குறித்திருந்த நேரம் பகல் 1.30. உச்சிப் பூசை முடிந்து நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள் என்பது கோயிலுக்குப் போகும் எவருக்கும் தெரிந்ததுதான். அம்மா பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் பாலாவித் தீர்த்தக் கரையில் சிறிது நேரம் இருந்து எழும்பினார். கிளிநொச்சிக்குரிய பக்கத்தில் ‘இரணைமடுக் குளம் வான் பாயும் காட்சி’ என்று வண்ணப் படத்துடன் போட்டிருந்தார்கள். மாரி மழையில் குளம் நிரம்பி மிகைநீர் வழிந்தோடினால் கார்த்திகை, மார்கழியில் காணக்கூடிய காட்சியை ஆகஸ்ட் வெயிலில் விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். சுண்டிக்குளத்தில் வலசைப் பறவைகள் என்று எழுதியிருந்ததும் அவ்வாறே. அவையும் மாரியை ஒட்டி வந்து கோடைக்கு முன் போய்விடுபவை.

முல்லைத்தீவுப் பகுதிதான் முழுவதும் பறிபோயிற்று. மாங்குளத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளும் அந்த வீதியிலும் அதை அண்டியும் உள்ள ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் ஆலயம், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில், நந்திக்கடல், முல்லைத்தீவுக் கடற்கரை ஆகிய அனைத்தையும் பிற்பகல் 4 மணிக்குப் பின்னர் பார்ப்பதாகத் திட்டம். ஒட்டுசுட்டானைத் தாண்டுமுன்பே, இருட்டினால் யானை இறங்கும் என்று சாரதி வானைத் திருப்பிவிட்டார். அவர் சொன்னதில் பிழையில்லை. அந்நேரத்தில் அங்கே ஆட்களைக் கூட்டிச் செல்லத் திட்டம் போட்டவர்களையே கேட்க வேண்டும். பார்க்காத இடங்களுக்கு ஒரு சதமும் குறைக்கவில்லை. கேட்டதற்கு, அடுத்த பயணத்தில் கழிவு தருவோம் என்றார்கள்.

ஆகவே பேசும்போதே நாளுக்கு எத்தனை கிலோமீற்றர், எந்த இடத்திலிருந்து கணக்கு, மேலதிகத்துக்கு என்ன விலை, விடுபடும் இடத்துக்கு என்ன கழிவு என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். புறப்படும் இடத்தில் வானின் மீற்றரைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இதே திட்டத்தாளுடன் ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றுச்சீட்டையும் வட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.