முன்பணமா, ராயல்டியா?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், எரிவாயு பொதிந்த மார்செல்லஸ் பாறைப் பகுதியில் எரிவாயுக் கம்பெனிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடும் விவசாயிக்கு இரண்டு வழியில் பணம் வரும். கையெழுத்திடும்போதே ஏக்கர் கணக்கில் தரும் முன்பணம் ஒன்று, வாயு விற்ற பிறகு வரும் ராயல்டி இன்னொன்று.

முன்பணம் கைக்கு வந்துவிட்டால் சரி, கிணறே தோண்டாவிட்டாலும் அது நம்முடையதுதான்.

ராயல்டிதான் சிக்கல். மாநிலச் சட்டப்படி குறைந்தது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். ஆனால் எதில் எட்டில் ஒன்று? குழாயில் அனுப்புவது போன்ற செலவுகளைக் கழித்துவிட்டுக் கணக்கிடலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லிவிட்டது. பத்து லட்சம் பிடியூவுக்கு (பிடியூ என்பது வெப்ப அளவு; எரிவாயுவை அதில்தான் அளந்து விற்கிறார்கள்) 2008 நடுவில் 13 டாலரைத் தொட்ட எரிவாயு விலை, 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே போனது. செலவு மட்டும் அதற்கேற்பக் குறையாது. விவசாயிக்கு மிஞ்சுவது சில்லறை. போதாக்குறைக்கு, வெறும் மீத்தேன் தரும் வடகிழக்கை விட்டு, கூடுதல் காசு தரும் புரோப்பேனும் சேர்ந்து வரும் தென்மேற்குப் பக்கம் துளையிடும் இயந்திரங்கள் நகர்ந்தன.

கிணறு கொஞ்சமாக வாயு தந்துகொண்டிருந்தாலே பொதுவாகக் குத்தகை முடியாது. அப்புறம் புது முன்பணம் எங்கே கேட்பது? நானாக இருந்தால் குத்தகைப் பத்திரத்தில் "ராயல்டியில் செலவைக் கழிக்கக் கூடாது" என்ற ஒரு வரிக்குத்தான் மல்லுக்கட்டுவேன். விலை விழுந்த நேரத்தில் முன்பணமும் சொற்பம்தான்.