டெஸ்மோபிரெசின்: மூக்கு ஸ்ப்ரேயா, மாத்திரையா?

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு ஆபரேஷன் முடிந்த பிறகு எனக்கு வந்தது சென்ட்ரல் டயாபடீஸ் இன்சிபிடஸ். சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரை உடம்பில் நிறுத்திவைக்கும் வாசோபிரெசின் ஹார்மோன் போதாமல், குடிப்பதெல்லாம் நிறமில்லாத சிறுநீராகப் போய்விடும். 2022 முதல் இதற்கு ஏவிபி (வாசோபிரெசினின் சுருக்கப் பெயர்) குறைபாடு என்றும் பெயர். ரிப்போர்ட்டில் அப்படி இருந்தால் குழம்ப வேண்டாம்.

கண்டுபிடிப்பதற்கே இரண்டு வழி உண்டு. மணிக்கணக்கில் தண்ணீர் தராமல் எடை, ரத்தத்தில் சோடியம் (உப்பு) அளவு, சிறுநீரின் அடர்த்தி பார்ப்பது பழைய முறை. அடர் உப்புக் கரைசல் ஏற்றி ரத்தத்தில் கோபெப்டின் (வாசோபிரெசினோடு சேர்ந்து வெளியாகும் பொருள்) அளப்பது புதிது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில் புதியது சுமார் 97 சதவீதம் பேரிடமும், பழையது சுமார் 77 சதவீதம் பேரிடமும் சரியான விடை தந்தது. எனக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வந்ததால், சோடியமும் சிறுநீர்ப் பரிசோதனையுமே போதுமானதாக இருந்தன. இரண்டில் எதையும் அனுபவிக்காத நான் அங்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மருந்து ஒன்றுதான், வாசோபிரெசினின் வேலையைச் செய்யும் டெஸ்மோபிரெசின். ஸ்ப்ரேயில் ஒரு அடிக்குப் பொதுவாக 10 மைக்ரோகிராம். மாத்திரையில் 100 அல்லது 200. குடலில் பெரும்பகுதி வீணாவதால்தான் இந்த வித்தியாசம். ஸ்ப்ரே சீக்கிரம் வேலை செய்யும், வாந்தி எடுப்பவருக்கும் உதவும். ஆனால் சளி பிடித்து மூக்கடைத்தால் உள்ளே போகும் அளவு குறையும். எனக்கு ஆபரேஷனே மூக்கு வழியாகத்தான் நடந்தது; புண் ஆறாத மூக்கில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரால் சொல்ல முடியும்? சில ஸ்ப்ரேக்களை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதால் அட்டையைப் படித்துவிடுங்கள். நாக்குக்கடியில் கரையும் வகையும் இருக்கிறது, நான் போட்டுப் பார்த்ததில்லை.

நான் மாத்திரைக்கு மாறியதன் முக்கியக் காரணம் வேறு. இந்த மருந்தில் பயப்பட வேண்டியது சோடியம் இறங்குவதற்குத்தான். மருந்து வேலை செய்யும்போது கூடுதல் தண்ணீரைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அப்போதும் குடித்துக்கொண்டே இருந்தால் சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோல் என்ற இயல்பான கீழ் எல்லைக்கும் கீழே போய் தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு வரை கொண்டுபோகும். சென்னை அக்னி நட்சத்திரத்தில் பார்க்கிறவர்களெல்லாம் "வெயில் கொளுத்துது, இன்னும் ரெண்டு டம்ளர் குடிங்க" என்பார்கள். மற்றவர்களுக்கு நல்ல அறிவுரை. எங்களுக்கோ தாகத்துக்கு மட்டும்தான் தண்ணீர்.

இதைச் சமாளிக்க என் டாக்டர் சொன்ன வழி, அடுத்த வேளை மருந்துக்கு முன் பழையதன் வேகம் குறைந்து, ஒருமுறை சிறுநீர் தாராளமாகப் போக விடுவது. தேங்கிய தண்ணீர் அதில் போய்விடும். இதற்கு அளவை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்க வேண்டும். மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம், ஸ்ப்ரேயில் அரை அடி அடிக்க முடியாது. அந்த இடைவெளியை வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து வைத்துக்கொள்வதும் என் கையில் இருக்கிறது. தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதை இந்த நோய்க்காரரிடம் சொல்லத் தேவையில்லை! காலையில் எடை பார்ப்பேன். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் டாக்டருக்குப் போன், சோடியம் டெஸ்ட்.

மாத்திரைக்கும் குறை உண்டு. சாப்பாட்டோடு போட்டால் உறிஞ்சப்படுவது குறையும், அதனால் தினமும் ஒரே மாதிரி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் மருந்தின் வேகத்தைக் கூட்டிச் சோடியத்தை இறக்கக் கூடும். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள். இது ஸ்ப்ரேக்காரருக்கும் பொருந்தும்.

ஸ்ப்ரே ஒத்துக்கொண்டு சோடியமும் சரியாக இருப்பவர் மாற வேண்டிய அவசியமில்லை. மாறுவதானால் மைக்ரோகிராமை நேராகப் பெருக்கிப் பார்க்காதீர்கள். டாக்டர்தான் அளவைப் புதிதாக முடிவு செய்வார், முதல் சில நாட்களில் சோடியத்தையும் பார்க்கச் சொல்வார்.