முதலை வாயா, எண்கோடா?

< எது, > எது என்று குழம்பும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது? முதலை பெரிய எண்ணைப் பார்த்துத்தான் வாயைத் திறக்கும் என்பது ஒரு வழி. எண்கோட்டில் வலப்பக்கம் இருப்பதே பெரியது என்பது இன்னொன்று.

பழகும் நேரம்
முதலை: ஐந்தே நிமிடம். 3 < 8, வாய் 8 பக்கம். சரி, முடிந்தது.
எண்கோடு: கோடு போட்டு, எண்களைக் குறித்துப் பழகச் சில நாள் ஆகும்.

குறை எண்கள்
முதலை: இங்கேதான் காலை வாரும். −7, −2 என்று கொடுத்தால், 7 பெரிதாயிற்றே என்று பிள்ளை அந்தப் பக்கம் வாயைத் திறந்துவிடும்.
எண்கோடு: −2 வலப்பக்கம் நிற்பது கண்ணுக்கே தெரியும், −7 < −2. இரண்டையும் −1 ஆல் பெருக்கிப் பாருங்கள். பூஜ்யத்தைத் தாண்டி மறுபக்கம் போய் 7, 2 ஆகின்றன. இப்போது 7தான் வலப்பக்கம். குறை எண்ணால் பெருக்கினால் < குறி ஏன் > ஆகத் திரும்புகிறது என்பது இதில் அழகாக விளங்கிவிடும்.

≤ (சிறியது அல்லது சமம்), ≥ (பெரியது அல்லது சமம்)
முதலை: அடியில் உள்ள கோட்டை விளக்காது.
எண்கோடு: < 5 என்றால் 5இல் வெறும் வட்டம், ≤ 5 என்றால் நிரப்பிய வட்டம், அதாவது 5உம் சேர்த்தி.

குறி அறிமுகமாகும் சின்னப் பிள்ளைக்கு முதலை போதும். குறை எண்கள் தொடங்குவதற்கு முன்பே எண்கோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.