அம்மாவுக்கு வாங்கிய பெரிய எழுத்து வேதாகமம்: எட்டு மாத வாசிப்பின் பின்

79 வயதான என் அம்மாவுக்கு, இரண்டு கண்ணிலும் வெண்புரை அகற்றிய பிறகும் பழைய வேதாகமத்தின் சிறிய எழுத்துப் பிடிபடவில்லை. ஆகவே சென்ற ஆண்டு யாழ்ப்பாண நகரிலுள்ள ஒரு கிறிஸ்தவப் புத்தகசாலையில் பெரிய எழுத்துப் பரிசுத்த வேதாகமம் ஒன்றை வாங்கினேன். "வீட்டிலை வாசிக்கவோ, கோயிலுக்குக் கொண்டு போகவோ?" என்று கடைக்காரர் கேட்டார். வீட்டில் வாசிக்க என்றேன். அம்மாவுக்கு வேதாகமம் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகம் அல்ல. கிளினிக்குக்குப் போகும் காலையிலும், தம்பியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வராத இரவிலும் அவர் முதலில் கையை நீட்டுவது அதற்குத்தான். அன்றாடக் கவலையை ஆண்டவரிடம் கொண்டுபோக இந்தப் பதிப்பு எவ்வளவு துணை செய்கிறது என்பதையே நான் இங்கே எழுதுகிறேன்.

எழுத்து மிகவும் நன்று. பழையதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகவும், வரிகளுக்கிடையே போதிய இடைவெளியோடும் அச்சிட்டிருப்பதால், அம்மா இப்போது கண்ணாடியோடு ஓர் அதிகாரம் முழுவதையும் நிறுத்தாமல் வாசிக்கிறார். பக்க ஓரத்தில் ஒவ்வொரு ஆகமத்துக்கும் விரல் வைக்கும் பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். நடுங்கும் கைக்கு இது பேருதவி. தாள் மெல்லியது, மறுபக்கத்து மை சற்றுத் தெரிகிறது, ஆனாலும் வாசிப்பைக் குழப்பவில்லை. பாரம் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருப்பதால் மடியில் வைத்து வாசிக்க முடியாது. ஒரு தலையணையை அணைவாக வைக்க வேண்டும்.

என் பெரிய குறை ஓரத்தைப் பற்றியது. எழுத்தைப் பெரிதாக்குவதற்காகப் பக்கத்தின் வெள்ளை ஓரத்தைச் சுருக்கிவிட்டார்கள். இது ஏன் குறையாகிறது என்பதை விளக்க, அம்மாவின் பழைய வேதாகமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 அன்று, போருக்கு அஞ்சி, யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவில், எனக்கு 14 வயது. அரிசி, தம்பியின் பால்மா, அடையாள அட்டைகள், காணி உறுதி ஆகியவற்றோடு அந்தச் சிறிய வேதாகமத்தையும் அம்மா ஒரு துணிப்பையில் கட்டியிருந்தார். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை விறாந்தையில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், 37ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்துக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் "30.10.95" என்று எழுதினார். "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு, அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்" என்பதே அந்த வசனம். எபிரேய மூலத்தில் இங்கே 'உருட்டிவிடு' என்னும் பொருளுள்ள சொல் நிற்கிறது. தூக்க முடியாத பாரத்தைத் தூக்காமல் அவர் பக்கமாக உருட்டிவிடுவது, அந்த இரவில் நடந்தவர்கள் எல்லாருக்கும் விளங்கக்கூடிய செயல்.

அதன் பின்னர் அந்த ஓரங்கள் நிறைந்துகொண்டே வந்தன: தம்பிக்குக் காய்ச்சல், அக்காவின் உயர்தரப் பரீட்சை, மாமாவின் கடிதம், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்ற நாட்களில் முடிந்துபோன எரிவாயு. காரியம் நிறைவேறினால் தேதிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிலுவை போடுவார். 2004இல் அப்பாவின் சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் எழுதிய தேதிக்கு அருகில் சிலுவை இல்லை. அப்பா அந்த வாரமே இறந்துபோனார். ஆனால் மூன்று பக்கம் முன்னே, "நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து" என்று தொடங்கும் வசனத்தருகே, அடக்கம் நடந்த அன்றைய தேதி இருக்கிறது. முழுமையாக நம்புவது என்றால் என்ன என்று எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு தேதிகளுக்கும் இடையிலுள்ள மூன்று பக்கங்கள் எனக்குக் காட்டியதை வேறெதுவும் காட்டவில்லை.

புதிய பதிப்பில் இதற்கு இடமே இல்லை. அம்மா இப்போது மருந்துப் பெட்டியின் அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, தேதி எழுதிப் பக்கங்களுக்குள் வைக்கிறார். புத்தகம் வீங்குகிறது, உறையின் சிப்பைப் பூட்ட முடியவில்லை, துண்டுகள் விழுந்துவிடுகின்றன.

மொழியைப் பொறுத்தவரை, இது 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் மொழிபெயர்ப்பைத் தழுவிய வழக்கமான பதிப்புத்தான். பவர் குழுவினர் 18ஆம் நூற்றாண்டு மிஷனரி பப்ரிசியுசின் பழைய மொழிபெயர்ப்பையும், யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீற்றர் பேர்சிவல் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்து 1850இல் அச்சேறிய மொழிபெயர்ப்பையும் கருத்திற்கொண்டே தங்கள் பணியைச் செய்தார்கள். நம்முடைய ஊரின் தமிழுக்கும் இந்த நூலுக்கும் உள்ள அந்த உறவை நினைக்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. குருநகரிலுள்ள என் கத்தோலிக்கத் தோழி வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் நீதிமொழிகள் மூன்றாம் அதிகாரத்தின் ஐந்தாம் வசனம் இன்னும் எளிதாக விளங்குகிறது. இளையவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆயினும் "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்ற பழைய வாக்கியத்தில் உள்ள 'சாயாமல்' என்ற சொல், களைத்துப்போன உடம்பு எதன்மேல் சாய்கிறது என்பதைக் கண்முன்னே நிறுத்துகிறது. பேதுருவின் முதலாம் நிருபத்தில் "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று வருவதும் அப்படித்தான். விசாரணை என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கிய ஆண்டுகளைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். ஆனால் வீட்டுப் படலையில் நின்று "அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்கோ" என்று சொல்லும் அந்த அன்பான பொருளில்தான் ஆண்டவர் நம்மை விசாரிக்கிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் இந்த நீதிமொழி வசனத்தையே எடுத்து, நீரிழிவுக் குளிசைகளை விழுங்குவது அவிசுவாசம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா இரண்டு நாள் குழம்பினார். பெரிய எழுத்தின் பயனை அப்போதுதான் நான் உணர்ந்தேன்: வேறொருவர் வாசித்துக் காட்டக் காத்திராமல், அவரே அடுத்த வசனத்தையும் வாசித்தார். "உன் வழிகளிலெல்லாம் அவரை நினைத்துக்கொள்" என்று அது தொடர்கிறது. வழிகளிலெல்லாம் என்றால் கிளினிக்குக்குப் போகிற வழியும் அதில் அடங்கும் என்று அவர் எனக்கு விளக்கினார். புத்தியைப் பயன்படுத்தாதே என்று அங்கே சொல்லப்படவில்லை, அதன்மேல் சாயாதே என்றே சொல்லப்பட்டிருக்கிறது. அரிசியையும் காணி உறுதியையும் கட்டிக்கொண்டு சங்கீதத்தையும் கட்டிக்கொண்ட பெண் அவர். இப்போது காலை உணவுக்கு முன்னர் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று ஜெபித்துவிட்டே விழுங்குகிறார். அந்த ஜெபத்தில் கேட்பது இன்றைக்கு உரியதை மட்டுமே என்பதை, மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணித் தூக்கம் இழக்கும் நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இனிக் கட்டு. ஆறாவது மாதத்தில் சங்கீதப் பகுதியில் பசை விட்டு, ஒரு மடிப்புப் பக்கங்கள் கழன்றுவிட்டன. தினமும் திறக்கப்படும் இடம் அதுவே என்பது இதை அச்சிடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பசையோடு நூலால் தைத்தும் கட்டியிருந்தால் இந்தப் பாரத்தைத் தாங்கியிருக்கும். கடையில் மாற்றித் தரவில்லை. பதிப்பு முடிந்துவிட்டது என்றார்கள்.

கண்பார்வை குறைந்த பெற்றோருக்கு இதை வாங்கலாம் என்றே சொல்வேன். வாங்கும்போது முதுகுப் பக்கத்தை விரித்துப் பார்த்து, தைத்த கட்டாக இருந்தால் மட்டும் எடுங்கள். ஓரத்தில் எழுதிப் பழகியவர்களாக இருந்தால், நான் இப்போது செய்வதைப்போல ஒரு புத்தகம் கட்டுபவரிடம் கொடுத்து, சங்கீதத்துக்குப் பின்னால் கோடிட்ட வெற்றுத் தாள்கள் இருபதைச் சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். எங்களுடையது வருகிற செவ்வாய்க்கிழமை கிடைக்கும். அட்டைத் துண்டுகளையெல்லாம் அம்மா தேதி ஒழுங்கில் அடுக்கி, ரப்பர் வளையம் போட்டுத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறார்.