அப்பிச்சி போனுக்கு வரும் ஓடிபி

கோபியில் இருக்கும் சித்தப்பா பையன் போன வாரம் கேட்டான்: "கேம் கணக்குக்குப் போன் நம்பர் கேக்குறாங்க, குடுக்கலாங்களாண்ணா?" 2019லிருந்து கொடுத்துவிட்டு அவதிப்படுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் ஆட்டத்தின் பெயர் வேண்டாம், சண்டை வரும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நம்பர் கேட்காத காலத்தில் திருட்டு மென்பொருள் வைத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவனைப் பார்த்துச் சுடுகிறவன் சாயந்தரம் தடை வாங்குவான். ராத்திரியே புது மெயில் ஐடியில் வந்து நிற்பான். மெயில் ஐடி சும்மா கிடைக்கிறது, சிம் அப்படி இல்லை. நம் ஊரில் ஒருவர் பேரில் 9 சிம்தான். டோட்டா 2 என்ற ஆட்டம் இதை 2017லேயே பிடித்துக்கொண்டது: தரவரிசை ஆட்டத்துக்கு ஒரு நம்பருக்கு ஒரு கணக்கு, இணையத்தில் உருவாக்கும் நம்பர் செல்லாது, கழற்றிய நம்பரை இன்னொரு கணக்கில் மாட்ட மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். எங்கள் ஆட்டத்திலும் நம்பர் கட்டாயமானதும் திருட்டு ஆட்டக்காரர்கள் நன்றாகவே குறைந்தார்கள். அப்புறம் காசுக்கு ஓடிபி வாங்கித் தரும் ஆட்கள் முளைத்தார்கள், பழையபடி கொஞ்சம் கொஞ்சமாக வந்துவிட்டார்கள். எய்ம்பாட்டை, அதாவது தானாகக் குறிபார்த்துச் சுடும் திருட்டு மென்பொருளை, ஓடிபி கண்டுபிடிக்காது; திருடனுக்குச் செலவை ஏற்றும், அவ்வளவுதான்.

சரி, என் கதை. அப்போது என் நம்பரைக் கூடப்பிறந்த தம்பி தன் கணக்குக்கு எடுத்துக்கொண்டான். அவசரத்துக்கு காங்கேயம் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) நம்பரை என் கணக்குக்குப் போட்டேன். அன்றைக்குப் பிடித்த சனி. நான் திருப்பூரில் ஷிப்ட் முடித்து வந்து உட்காருவேன், புது கம்ப்யூட்டர் என்று ஓடிபி கேட்கும். அப்பிச்சி போனைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருப்பார். அமுச்சி எடுத்தால் "கண்ணு, சாப்டயா" முடிந்து நம்பருக்கு வருவதற்குள் ஓடிபி காலாவதி.

இப்போது அதைவிட மோசம். யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, அப்பிச்சி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "நீ என்ற பேரன்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்கிறார், என் குரலைக் கேட்டுக்கொண்டே! நியாயமான கேள்விதான், அதனால்தான் இன்னும் எரிச்சல். கடைசியில் எங்கள் தோட்டத்துக் கிணறு எத்தனை அடி என்று கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சொன்னார். ஆட்டக் கம்பெனியின் சரிபார்ப்பைவிட இது பலமான சரிபார்ப்பு.

வீட்டில் எல்லார் கையிலும் ஆளுக்கொரு நம்பர் இருக்கும், அது பில் கட்டுகிற நம்பராகவும் இருக்கும் என்று எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். 2022இல் ஓவர்வாட்ச் 2 என்ற ஆட்டம் வந்தபோது ப்ரீபெய்டு நம்பர்கள் பலவற்றை ஏற்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பழைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோருக்கு நம்பரே வேண்டாம் என்றார்கள். ரீசார்ஜ் கடை இல்லாத தெரு நம் பக்கம் உண்டா?

நம்பர் கேட்கும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு, எடுத்துவிட்டால் ஆட்டம் நாறிவிடும். ஆனாலும் சித்தப்பா பையனுக்குச் சொன்ன பதில்: கொடுக்காதே. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சொந்த நம்பர், அதுவும் இன்னும் பத்து வருசம் கையில் இருக்கப்போகிற நம்பர்.

அவன் ஏற்கெனவே பெரியம்மா நம்பரைக் கொடுத்துவிட்டானாம். அதாவது, என் அம்மா நம்பரை.