பாரிஸ் பாலே கார்னியே: பகல் சுற்றுச்சீட்டு வாங்கலாமா?

பாரிஸின் பழைய ஓப்பரா (இசை நாடக) அரங்கான பாலே கார்னியேவில், நிகழ்ச்சி பார்க்காமல் கட்டடத்தை மட்டும் சுற்றிப் பார்க்கத் தனிச்சீட்டு உண்டு. தாராளமாக வாங்கலாம். ஆனால் தேதியைத் தேர்ந்தெடுக்குமுன் அன்று பார்வையாளர் கூடம் திறந்திருக்கிறதா என்று அரங்கின் இணையதளத்தில் பாருங்கள். ஒத்திகையோ மேடை வேலையோ இருந்தால் கூடத்தை மூடிவிடுவார்கள். ஓவியர் சாகல் 1964இல் தீட்டிய விதானமும், ஏறத்தாழ 7 டன் எடையுள்ள சரவிளக்கும் அதற்குள்தான் இருக்கின்றன.

சுற்றிப் பார்ப்பவர்களுக்கான வாசல் முகப்பில் இல்லை. முகப்பைப் பார்த்து நின்றால் இடப்பக்கம், ஸ்க்ரீப் தெருவும் ஓபேர் தெருவும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வளைந்து ஏறும் சாய்தளத்தைக் கவனியுங்கள். 1858 ஜனவரி 14 அன்று, இதற்கு முன்பிருந்த ஓப்பரா அரங்கின் வாசலில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மீது இத்தாலியப் புரட்சியாளர் ஓர்சினியும் அவர் ஆட்களும் குண்டு வீசினார்கள். பேரரசர் உயிர் தப்பினார். புதிய அரங்கில் அவருடைய வண்டி நேராகக் கட்டடத்துக்குள்ளேயே போய் நிற்கவேண்டும் என்பதற்காக எழுந்தது இந்தச் சாய்தளம். 1870இல் ஆட்சி கவிழ்ந்ததால் அவர் அதைப் பயன்படுத்தவே இல்லை. அந்தப் பகுதி இப்போது நூலகமும் அருங்காட்சியகமும்.

புதிய அரங்கின் வடிவமைப்புப் போட்டிக்கு வந்த 171 திட்டங்களில் வென்றவர் கட்டடக்கலைஞர் சார்ல் கார்னியே. அப்போது அவருக்கு வயது 35. அஸ்திவாரம் தோண்டியதும் நிலத்தடி நீர் பொங்கிவிட்டது. காட்சித் திரைகளை மேடைக்கடியில் இறக்க ஆழமான குழி தேவை என்பதால் ஆழத்தைக் குறைக்க வழியில்லை. நீராவிப் பம்புகள் மாதக்கணக்கில் இரவு பகலாக ஓடின. பிறகு கான்கிரீட்டில் பெரிய தொட்டி கட்டி, அதிலேயே நீரை நிரப்பினார்கள். உள்ளே நிற்கும் நீரின் எடை, வெளியிலிருந்து தள்ளும் நீரைத் தாங்கிக்கொள்கிறது. ‘நிலத்தடி ஏரி’ என்று கதைகளில் வருவது இதுதான். தொட்டி இன்றும் இருக்கிறது, தீயணைப்பு வீரர்கள் முக்குளிக்கப் பழகுகிறார்கள். சுற்றுச்சீட்டில் அங்கே விடமாட்டார்கள். அதை நம்பிப் போகாதீர்கள்.

1875 ஜனவரி 5 அன்று அரங்கு திறந்தது. கார்னியே உயிரைக் கொடுத்து உழைத்தது பெரிய படிக்கட்டில்தான் என்று சொல்லவேண்டும். பலரும் கீழே நின்று படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேலே போய், சுற்றியுள்ள பால்கனிகளிலிருந்து குனிந்து பாருங்கள். ஏறி வருகிறவர்களை மற்றவர்கள் பார்க்கவேண்டும், அவர்களும் அது தெரிந்தே ஏறவேண்டும் என்றுதான் ஒவ்வொரு தளத்திலும் பால்கனி வைத்திருக்கிறார். அடுத்து 54 மீட்டர் நீளமும் 18 மீட்டர் உயரமும் உள்ள பெரிய ஃபொயே, அதாவது இடைவேளையில் பார்வையாளர்கள் உலாவும் கூடம். கண்ணாடிகளும் தங்கப் பூச்சும் கண்ணைப் பறிக்கும், ஆனால் மதியத்துக்குமேல் நெரிசல் தாங்காது. காலையில் முதல் நேரச்சீட்டு எடுத்தால் நின்று பார்க்கலாம்.

பார்வையாளர் கூடத்தை அநேகமாக ஒரு பாக்ஸ் (சில இருக்கைகளே உள்ள தனித் தடுப்பறை) வழியாகத்தான் எட்டிப்பார்க்க முடியும், வெளிச்சமும் குறைவு. விதானத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் நிகழ்ச்சிச் சீட்டே வாங்குவது நல்லது. 1989இல் பாஸ்டீல் ஓப்பரா என்ற புதிய அரங்கு வந்தபின் இங்கே பாலே நடனம்தான் அதிகம். கூடம் குதிரை லாட வடிவம், பாக்ஸ்களுக்கிடையே தடுப்புகள் உண்டு. அதனால் பக்கவாட்டுப் பாக்ஸில் பின்வரிசை எடுத்தால் மேடையில் பாதி மறைந்துவிடும். விலை சற்றுக் கூடினாலும் மேடைக்கு நேரெதிர்ப் பாக்ஸின் முன்வரிசையைப் பிடியுங்கள். ரொம்ப உயரம் போனால் சரவிளக்கே குறுக்கே நிற்கும். இந்தக் குறை அன்றிலிருந்தே சொல்லப்படுவது.

முகப்பிலுள்ள ‘நடனம்’ சிற்பம் நகல். சிற்பி கார்ப்போ செதுக்கிய மூலம் பாரிஸிலேயே உள்ள ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கேயே அரங்கை நெடுக்காக வெட்டிக் காட்டும் மாதிரி ஒன்றும் உண்டு. மேடைக்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளை, சுற்றுச்சீட்டு காட்டாத பகுதிகளை, அதில் நன்றாகவே பார்க்கலாம்.