‘சேட்டிலைட் ரினியூவல்’ என்று கேட்டால் காசு கொடுத்துவிடாதீர்கள்

லோடு வண்டிக்கு ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஏற்கெனவே மாட்டியவர்களுக்கும் ரினியூவல் கேட்டு போன் வரும் நாளில் உதவும்.

நானும் தம்பியும் பிழைப்புக்கு இரண்டு குட்டியானை வைத்திருக்கிறோம். சரக்கு ஏற்றும் பார்ட்டிகள் வண்டி எங்கே வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், ஈரோட்டில் ஒரு கார் அக்சசரீஸ் கடையில் வண்டிக்கு 4,500 ரூபாய் கொடுத்து டிராக்கர் மாட்டினோம். “சிம் கிடையாது, மாசச் செலவு கிடையாது, நேரா சேட்டிலைட் கனெக்‌ஷன், லைஃப்டைம்” என்றார் கடைக்காரர். பில்லில் ‘ஜிபிஎஸ் செட்’ என்று மட்டும் இருந்தது. வருடம் திரும்பியதும் ஆப்பில் இரண்டு வண்டியும் ஆஃப்லைன். கேட்டால், “சேட்டிலைட் சந்தா முடிஞ்சிருச்சு, அமெரிக்காவுக்குக் கட்டணும், வண்டிக்கு 3,600.”

ஜிபிஎஸ் அமெரிக்க அரசுடையது என்பது வரை சரி. மற்றதெல்லாம் புளுகு. பொதுமக்களுக்கான சிக்னலுக்கு அமெரிக்கா யாரிடமும் சந்தா வாங்குவதில்லை. ஜிபிஎஸ் போலவே இடம் காட்டும் நம் நாட்டு நாவிக், ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ எல்லாம் அப்படித்தான். வாங்க நினைத்தாலும் நடக்காது, ஏனென்றால் கீழே யார் கேட்கிறார்கள் என்பதே செயற்கைக்கோளுக்குத் தெரியாது. கோயில் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுகிறவருக்கு எந்த வீட்டில் யார் கேட்கிறார் என்று தெரியுமா? அது போலத்தான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் ‘இப்போது நேரம் இது, நான் இருக்கும் இடம் இது’ என்று ஓயாமல் ஒலிபரப்புகிறது. குறைந்தது நான்கு கோள்களின் சிக்னல் எப்போது வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்து, வண்டியில் இருக்கும் கருவிதான் தன் இடத்தைக் கணக்குப் போடுகிறது. கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி (விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினால் 300 மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால்தான் மேலே அணுக்கடிகாரம். கருவிக்குள் இருப்பது மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் என்பதால், அதன் நேரத்தைச் சரிசெய்யவே நான்காவது கோள் வேண்டியிருக்கிறது.

கவனியுங்கள், இதில் கருவி மேலே எதையும் அனுப்பவில்லை. வெறுமனே கேட்கிறது. ‘வானத்திலிருந்து நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று பாதிப் பேர் நம்புவதுதான் இந்தக் கடைக்காரர்களுக்கு மூலதனம்.

அப்புறம் நம் போனுக்கு இடம் எப்படி வருகிறது? செல்போன் டவர் வழியாக. அதற்கு சிம் இல்லாமல் முடியாது. (செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் கருவி உண்டு. மீன்பிடிப் படகுகளுக்கு அரசு கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் அந்த ரகம். அக்சசரீஸ் கடையில் 4,500 ரூபாய்க்கு மாட்டிவிடுவது அதுவல்ல.) தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து டேஷ்போர்டைக் கழற்றினோம். பெட்டியின் ஓரத்தில் ரப்பர் மூடி, அதைத் தூக்கினால் உள்ளே நானோ சிம்! எந்திரங்களுக்கென்று தனியாகக் கொடுக்கும் 13 இலக்க எண் சிம் அது, கடைக்காரர் தரப்பில் வாங்கியது. நாம் நினைத்தாலும் ரீசார்ஜ் செய்ய முடியாது. வேறு சிம் போட்டோம். கருவி இடத்தை அனுப்பிவைக்கும் கம்ப்யூட்டர்தான் சர்வர்; கருவிக்கு எஸ்எம்எஸ்ஸில் கட்டளை அனுப்பி அந்த சர்வரை மாற்ற வேண்டும், அதற்கு பாஸ்வேர்டு கேட்டது. அதையும் மாற்றி வைத்திருந்தார் மனுஷன். சிம்முக்கும் சர்வருக்கும் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு இவ்வளவு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பேசி முடித்திருப்போம்.

இன்னொன்றும் அப்போது தெரிந்தது. ஒரு வண்டி வாரக்கணக்காக ஆப்பில் ரோட்டை விட்டு வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “மேகமூட்டம்” என்று கடைக்காரர் சொல்லிவந்தார். மேகமும் மழையும் இந்த அலைவரிசையைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பும் கான்கிரீட்டும்தான் தடுக்கும். பெட்டியைத் தலைகீழாக, ஆன்டெனா பக்கம் தரையைப் பார்க்க, இரும்புப் பட்டைக்கு அடியில் திணித்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் அதைத் திருப்பி, பிளாஸ்டிக்குக்குக் கீழே ஒட்டினார்.

வாங்கும் முன் மூன்று விஷயத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்: சிம் யார் பெயரில், இரண்டாம் வருடச் செலவு எவ்வளவு, எஸ்எம்எஸ் பாஸ்வேர்டு என்ன. ‘சிம்மே இல்லை’ என்று சொல்லும் கடைக்குள் உட்காரவே வேண்டாம்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். ‘வியாபார வண்டிக்கு நுகர்வோர் சட்டம் வராது’ என்று மிரட்டிப் பார்த்தார் கடைக்காரர். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கிய பொருளுக்கு வரும். இப்போது ஒரு வண்டியின் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு, புகாரை வாபஸ் வாங்கினால் அடுத்ததைத் தருகிறேன் என்கிறார். நாங்கள் வாபஸ் வாங்கவில்லை.